ஒரே வீட்ல ரெண்டு எலும்பு கேன்சர்: பேரனுக்கும் நாய்க்கும் எது ஒண்ணு, எது வேற

பின்னணி

காரைக்குடியில இருந்து கானாடுகாத்தான் போற பக்கம் ஒரு ஊர்ல, பழைய வளவு வீடு ஒண்ணுல நடந்தது இது. பேரு ஊரு எதுவும் போடல, வீட்டுக்காரங்க கிட்ட கேட்டு அவங்க சரின்னு சொன்ன அப்புறம்தான் எழுதறேன். நான் இந்தப் பக்கம் மாடு, ஆடு, நாய்னு எல்லாம் பார்க்கற கால்நடை டாக்டர்.

அந்த வீட்ல நிரந்தரமா இருக்கறது எழுபது தாண்டின ஒரு ஆச்சி, சமையலுக்கு ஒரு அம்மா, ஒரு வாட்ச்மேன், அப்புறம் ஏழு வயசு ராஜபாளையம் பெட்டை நாய், எடை 28 கிலோ. மத்தவங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு இருக்காங்க, படைப்புக்கோ (முன்னோரைக் கும்பிடற விசேஷம்) கல்யாணத்துக்கோ வந்தாத்தான் வீடு நிறையும்.

ஆச்சியோட மகன் வீட்டுப் பேரனுக்கு 15 வயசுல தொடை எலும்போட கீழ் முனையில, முழங்காலுக்கு கொஞ்சம் மேல, ஆஸ்டியோசார்கோமாங்கற எலும்பு கேன்சர் வந்துச்சு. சென்னையில வைத்தியம். முதல்ல மூணு மருந்து சேர்ந்த கீமோ (மீதோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின்), அப்புறம் காலை எடுக்காம கெட்டுப்போன எலும்புத் துண்டை மட்டும் எடுத்துட்டு உலோக மூட்டு வச்சாங்க, அப்புறம் திரும்ப கீமோ. எல்லாம் முடிஞ்சு ஓய்வுக்கு ஊருக்கு வந்து ஆச்சி கூட சில மாசம் இருந்தான், அப்ப நாய் முழுக்க அவன் கூடவேதான், ராத்திரி அவன் கட்டிலுக்கு கீழதான் படுக்கும்.

அவன் சென்னைக்கு திரும்பிப் போய் ஒரு வருஷம் கூட ஆகல, நாய் நொண்ட ஆரம்பிச்சுச்சு.

முதல்ல என்ன நடந்துச்சு

ஆடி கடைசியில லேசா நொண்டுச்சாம். முற்றத்துல குதிச்சப்ப பிசகிருக்கும்னு நினைச்சு வேப்பெண்ணெய் காய்ச்சி தேய்ச்சாங்க, அதுல குறையலன்னு ஒருத்தர் பத்து போட்டு துணி சுத்தி கட்டிவிட்டாரு. அப்புறம் வேற ஒருத்தர் வந்து வலி ஊசி போட்டுட்டு போயிருக்காரு, ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாம் நாள் திரும்ப நொண்டல். இப்படியே ஆவணி பூரா போச்சு. நடுவுல வீட்ல இருந்த மனுஷங்க வலி மாத்திரை (டைக்ளோஃபெனாக்) ஒண்ணும் கொடுத்திருக்காங்க, அதுல நாய் கருப்பா பீய்ச்சி நாலு நாள் சாப்பிடல. இதைப் படிக்கறவங்க தயவு செஞ்சு மனசுல வச்சுக்குங்க, டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ரெண்டுமே நாய்க்கு வயித்துல புண்ணு வச்சு ரத்தம் கசியவிடும், கிட்னியையும் கெடுக்கும்.

என்கிட்ட கூட்டிட்டு வந்தப்ப வலது முன்னங்கால்ல, மணிக்கட்டுக்கு மேல, எலுமிச்சம்பழ அளவுக்கு கெட்டியா ஒரு வீக்கம். தொட்டா சூடு. அழுத்தினா கத்தல, ஆனா காலை இழுத்துக்கிட்டு முகத்தை வேற பக்கம் திருப்பிக்கிச்சு, ராஜபாளையம் பெரும்பாலும் அப்படித்தான், வலியை வெளிய காட்டாது. அந்தப் பக்கம் தோள் சதை வத்திப் போய் எலும்பு தட்டுச்சு, அதாவது பல வாரமா அந்தக் கால்ல பாரம் வைக்கல.

உயரமான, நடுவயசு தாண்டின நாய், மணிக்கட்டுக்கு மேல கெட்டி வீக்கம், நொண்டல் வலி மருந்துக்கு ரெண்டு நாள் மட்டும் அடங்குது. இது மூணும் சேர்ந்தா எலும்பு கேன்சர் இல்லன்னு நிரூபிக்கற வரைக்கும் அதுதான்னு வச்சுக்கிட்டு வேலை பார்க்கணும். நாய்ல வர்ற எலும்பு கேன்சர்ல 100க்கு 85 போல ஆஸ்டியோசார்கோமாதான், முன்னங்கால்ல அது முழங்கையை விட்டு தள்ளி வரும், பின்னங்கால்ல முட்டியை ஒட்டி வரும்.

எக்ஸ்ரே, ரத்தம், ஊசி

எக்ஸ்ரேல ரேடியஸ் எலும்போட கீழ் முனை அரிச்சுப் போயிருந்துச்சு, வெளிப்பக்கம் புது எலும்பு கதிர் கதிரா நீட்டிட்டு நின்னுச்சு, ஆனா மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்கு போகல. எலும்புல சீழ் பிடிச்சாலோ பூஞ்சை வந்தாலோ கூட கிட்டத்தட்ட இப்படித் தெரியலாம், அதனால படத்தை மட்டும் வச்சு கால எடுக்கற பேச்சை ஆரம்பிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். மயக்கம் கொடுத்து எலும்பு ஊசி போட்டு துண்டு எடுத்து கால்நடை கல்லூரி லேபுக்கு அனுப்பினோம். ரத்தத்துல அல்கலைன் பாஸ்படேஸ்ங்கற என்சைம் கூடுதலா இருந்துச்சு, இந்த நோய்ல அது நல்ல அறிகுறி இல்ல, கூடுதலா இருக்க நாய்ங்க சீக்கிரம் போயிடுது.

நெஞ்சு எக்ஸ்ரே மூணு பக்கமும் எடுத்தோம், வலது பக்கம் படுக்க வச்சு, இடது பக்கம் படுக்க வச்சு, மல்லாக்க ஒண்ணு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தா கீழ அமுங்கின நுரையீரல்ல இருக்க கட்டி கண்ணுக்கு தப்பிடும். மூணுலயும் ஒண்ணும் தெரியல.

தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது, இதை ஆச்சி கிட்டயும் போன்ல அவங்க மகன் கிட்டயும் அன்னைக்கே தெளிவா சொன்னேன். அரை சென்டிமீட்டருக்கு குறைஞ்ச கட்டி எக்ஸ்ரேல தெரியாது. முதல் நாள் நெஞ்சு படத்துல கட்டி தெரியற நாய் 100க்கு 15 கூட இருக்காது, ஆனா 90 நாய்க்கு அந்த நேரத்துலயே கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க நுரையீரலுக்கு கிளம்பிப் போயிருக்கும். காலை மட்டும் எடுத்தா பாதிக்கு மேல நாய்ங்க நாலஞ்சு மாசத்துல நுரையீரல் கட்டியால போறதை வச்சுத்தான் இது தெரிய வந்துச்சு.

ரிப்போர்ட் வந்துச்சு, ஆஸ்டியோசார்கோமா.

ஒட்டிக்குமா

ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பேரன் கிட்ட இருந்து இதுக்கு ஒட்டிக்கிச்சா, இல்ல இது கிட்ட இருந்து அவனுக்கா?" சமையல்கார அம்மா அதுக்குள்ள பையன் படுத்த கட்டிலை கழுவி வெயில்ல போட்டுட்டாங்க.

சிரிக்கற கேள்வி இல்ல இது. நம்ம பக்கம் தெரு நாய்ங்களுக்கு பிறப்புறுப்புல பூக்கோசு மாதிரி வர்ற கட்டி நிஜமாவே ஒட்டுற கேன்சர்தான், இணை சேரும்போது செல்லே ஒரு நாய் கிட்ட இருந்து இன்னொரு நாய்க்கு போகும், அதை ஜனங்க கண்ணால பார்த்திருக்காங்க. அதனால, அந்தக் கட்டி நாய்க்கு நாய் மட்டும்தான் போகும் மனுஷனுக்கு வராது, எலும்பு கேன்சர் நாய்க்கு நாய் கூட ஒட்டாதுன்னு ரெண்டையும் பிரிச்சு சொன்னேன். ரெண்டு பேருக்கும் வந்தது தற்செயல். உயரமான நாய்ங்களுக்கு மனுஷனை விட பல மடங்கு கூடுதலா வர்ற நோய் இது, அமெரிக்காவுல வருஷத்துக்கு 10,000 நாய்க்கு மேல வருது, அங்க மனுஷங்கள்ல ஆயிரத்தை ஒட்டித்தான், அதுலயும் பாதிக்கு கிட்ட வளர்ற வயசுப் பிள்ளைங்க.

கால எடுக்கற முடிவு

ஆச்சிக்கு மனசே இல்ல. பேரனுக்கு காலை காப்பாத்தினாங்கல்ல, இதுக்கும் அப்படி பண்ணக் கூடாதான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, ஏன்னா காலை காப்பாத்தற அந்த ஆபரேஷன் முறையை அமெரிக்காவுல கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல நாய்ங்க கிட்டயும் பண்ணி நிறைய கத்துக்கிட்டாங்க, மனுஷ வைத்தியத்துக்கு அது உதவியிருக்கு. ஆனா நம்ம கைக்கு எட்டற தூரத்துல நாய்க்கு அதைப் பண்ற வசதி எங்களுக்கு கிடைக்கல, பண்ணினாலும் சீழ் பிடிக்கற ஆபத்து அதிகம். கட்டி வலிக்கற வலி எந்த மாத்திரைக்கும் முழுசா அடங்காது, அந்த எலும்பு எந்த நேரமும் ஒடியலாம். மூணு கால்ல நாய் நடக்கும், 28 கிலோ நாய்க்கு அது பெரிய சிரமம் இல்ல.

புரட்டாசியில மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில தோள்பட்டை எலும்போட சேர்த்து முன்னங்காலை எடுத்தாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்துச்சு. வீட்ல ஒரு பிரச்சினை யாரும் எதிர்பார்க்காத இடத்துல வந்துச்சு, ஆத்தங்குடி தளம். எண்ணெய் போட்டு துடைச்சு துடைச்சு கண்ணாடியா பளபளக்கற தளம், முன்னாடி ஒத்தக் கால்ல நிக்கற நாய் நாலடி எடுத்து வச்சா வழுக்கி தாடை தரையில இடிக்குது. நாயோட எடையில 60 சதவீதம் முன்னங்கால்லதான் நிக்கும், அதுல பாதி போயிடுச்சுல்ல. ஆச்சி வாட்ச்மேனை விட்டு முகப்புல இருந்து பட்டாலை வழியா கொல்லை வரைக்கும் கோணிச் சாக்கை பாதை மாதிரி விரிச்சு, ஓரத்துல செங்கல் வச்சாங்க. ஒரு வாரத்துல அந்தச் சாக்குப் பாதையில அது ஓடுச்சு. இனிமே கால் எடுக்கற நாய்ங்களுக்கு வீட்டுத் தரை என்னன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே நான் கேட்கறேன், இந்தப் பக்கம் வீடுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கட்டித் துண்டை உறைய வச்சது

இந்த இடத்துல எடுத்த ஒரு முடிவைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும்.

பையனோட அப்பா படிச்சவரு, மகனுக்கு வந்த அன்னைக்கு இருந்து இந்த நோயைப் பத்தி ராத்திரி பகலா படிச்சிருக்காரு. அவர் போன்ல கேட்டது, "டாக்டர், சிலருக்கு நுரையீரலுக்கு போகுது, சிலருக்கு போகல, அது அந்த செல்லுல என்ன இருந்தா நடக்குது?" அதைப் பார்க்கற வழி புரோட்டீன்தான்னு சொன்னேன். டிஎன்ஏ ஒரு நாயோட உடம்பு பூரா கிட்டத்தட்ட ஒண்ணுதான், கட்டியில கொஞ்சம் மாறியிருக்கும், ஆனா ஒரு செல் எலும்புல உட்கார்ந்திருக்கா, இல்ல ரத்தத்துல ஏறி நுரையீரல்ல போய் பிழைச்சிக்குதாங்கறது அந்த நேரத்துல அது எந்தப் புரோட்டீனை எவ்வளவு செஞ்சு எந்த நிலையில வச்சிருக்குங்கறதுல தெரியும்.

எஸ்ரின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. பந்தல்ல மேல விரிச்ச துணியையும் கீழ நிக்கற மூங்கிலையும் சேர்த்து கட்டற கயிறு எதைச் செய்யுதோ அதை செல்லுல இது செய்யுது, செல்லோட மேல் சவ்வை உள்ள இருக்க ஆக்டின்ங்கற புரோட்டீன் சட்டத்தோட கட்டுது. 2004ல சந்த் கன்னாவும் கூட இருந்தவங்களும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, அவரும் ஒரு கால்நடை டாக்டர்தான். எலியோட ஆஸ்டியோசார்கோமா செல்லுல எஸ்ரினை குறைச்சா செல்லுங்க நுரையீரலுக்கு போய்ச் சேருது, ஆனா அங்க ஆரம்பத்துலயே நிறைய செத்துடுது, கட்டி ஆகறது குறையுது. நாய்ங்க கட்டியில எஸ்ரின் தூக்கலா இருந்தா சீக்கிரமே பரவுச்சு, பிள்ளைங்க கட்டியிலயும் எஸ்ரின் இருந்தா முடிவு மோசமா இருந்துச்சு. ரெண்டு இனத்துலயும் ஒரே புரோட்டீன் ஒரே பக்கம் கை காட்டுச்சுங்கறது பெரிய விஷயம்.

இதுல எனக்கு முக்கியமா படறது இன்னொண்ணு. செல் நுரையீரலுக்கு போறதை விட அங்க போய் உசுரோட இருக்கறதுதான் கஷ்டம். போன செல்லுல பெரும்பாலானது செத்துடும், தப்பிக்கற சிலது எந்தப் புரோட்டீனை வச்சு தப்பிச்சுச்சுன்னு தெரியணும்னா நுரையீரல் கட்டியவே எடுத்துப் பார்க்கணும், கால் கட்டியை மட்டும் பார்த்தா பாதி கதைதான் தெரியும்.

அவர் கேட்டாரு, நாயோட கட்டியை வச்சு யாராவது பார்க்க முடியுமான்னு. எனக்குத் தெரிஞ்ச ஒரு புரோட்டீன் ஆராய்ச்சிக்காரர் கிட்ட பேசினேன். அவர் சொன்னது, ஃபார்மலின்ல போட்டா புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு போயிடும், எலும்பை ஸ்லைடுக்கு வெட்டணும்னு ஆசிட்ல ஊற வச்சா இன்னும் கெடும், அதனால கட்டியோட மெத்துன்னு இருக்க பகுதியில சின்னத் துண்டுங்க எடுத்து உடனே உறைய வைங்க, நுரையீரலுக்கு போச்சுன்னா அதுலயும் ஒரு துண்டு வேணும், ஜோடியா இருந்தாத்தான் பிரயோஜனம்.

உறைய வைக்க லேப் எதுவும் தேவைப்படல. மாட்டுக்கு சினை ஊசி போட நான் எடுத்துட்டு போற மூணு லிட்டர் திரவ நைட்ரஜன் கேன் இருக்கு, விந்துக் குச்சி எல்லாம் அதுலதான் மைனஸ் 196 டிகிரியில கிடக்கும். காலியான ஒரு கேனை நிரப்பி மதுரைக்கு கொண்டு போனேன். கால் வெளிய வந்த உடனே கட்டியில இருந்து பட்டாணி அளவுல நாலு துண்டு, கொஞ்சம் தள்ளி நல்ல சதையில ரெண்டு துண்டு வெட்டி, மூடி போட்ட குப்பியில அடைச்சு, பென்சில்ல எழுதின சீட்டு ஒட்டி கேன்ல இறக்கினேன். மார்க்கர்ல எழுதினா நைட்ரஜன்ல அழிஞ்சுடும்.

கீமோ

பையனுக்கு கொடுத்த மூணு மருந்தையும் நாய்க்கு கொடுக்கல. சிஸ்பிளாட்டின் கொடுத்தா கிட்னியை காப்பாத்த மணிக்கணக்கா சலைன் ஏத்தணும், அதுக்கு பதிலா அதே குடும்பத்து கார்போபிளாட்டின், உடம்புப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் கணக்கு, இதுக்கு 280 மில்லிகிராம் கிட்ட வந்துச்சு. மூணு வாரத்துக்கு ஒண்ணா ஐப்பசியில ஆரம்பிச்சு தை வரைக்கும் அஞ்சு டோஸ். மூணாவது டோஸ் பிள்ளையார் நோன்பு சமயம், வெள்ளை அணு ரொம்ப இறங்கியிருந்ததால ஒரு வாரம் தள்ளி வச்சோம். மருந்து போன சில நாளைக்கு மூத்திரம், மலம் அள்ளறப்ப கையுறை போடச் சொன்னோம். பெருசா வாந்தி இல்ல, நல்லா சாப்பிட்டுச்சு.

நாய்க்கு கீமோவை வேணும்னே மிதமாத்தான் கொடுப்போம், இருக்கற நாள் நல்லா இருக்கணும்ங்கறதுதான் நோக்கம். கால் எடுத்து கீமோவும் கொடுத்தா பாதி நாய்ங்க பத்துப் பன்னெண்டு மாசம் தாண்டும், ரெண்டு வருஷம் தாண்டறது 100க்கு 20. பிள்ளைங்கள்ல, நோய் பரவாத நிலையில கண்டுபிடிச்சா, 100க்கு 65-70 பேரு அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்க. கீமோ வர்றதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்கும் கால் எடுத்தா மட்டும் 100க்கு 20 பேருதான் பிழைச்சாங்க.

பங்குனியில பார்த்தது

தையில எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. பங்குனியில ஆச்சி கூப்பிட்டாங்க, "தம்பி, மிச்ச மூணு காலும் வீங்கியிருக்கு, எல்லா எலும்புலயும் வந்துடுச்சா?" போய்ப் பார்த்தா மூணு காலும் கீழ தடிச்சு சூடா இருக்கு, நாய் எந்திரிக்க யோசிக்குது. இருமல் இல்ல. கால் எக்ஸ்ரேல எலும்பு அரிப்பு எதுவும் இல்ல, எலும்போட வெளித்தோல் நெடுக மெல்லிசா புது எலும்பு வளர்ந்திருக்கு. இது கேன்சர் காலுக்கு போனதால வர்றது கிடையாது, நெஞ்சுக்குள்ள கட்டி வளர்ந்தா தூரத்துல காலெல்லாம் இப்படி எதிரொலிக்கும், ஹைப்பர்ட்ரோபிக் ஆஸ்டியோபதின்னு பேரு. கால் வீக்கம்னு காலை மட்டும் பார்த்துட்டு விட்டா நெஞ்சை கோட்டை விட்டுடுவோம்.

நெஞ்சு படத்துல ரெண்டு பக்கமும் உருண்டை உருண்டையா அஞ்சாறு கட்டி.

ஆபரேஷன் பண்ணி நுரையீரல் கட்டியை எடுக்கறது, ஒண்ணு ரெண்டு கட்டி இருந்து, அதுவும் ரொம்ப நாள் கழிச்சு வந்தாத்தான் சரிப்படும். இங்க எண்ணிக்கையும் கூட, வந்த வேகமும் கூட. வேற மருந்து எதையாவது முயற்சி பண்ணலாமான்னு பையனோட அப்பா கேட்டாரு, செலவை பத்தி கவலை இல்லன்னாரு. ராப்பமைசின்னு ஒரு மருந்து, எம்டார்ங்கற புரோட்டீனை அடக்கறது, லேப்ல செல்லு மேல ரொம்ப நல்லா வேலை செஞ்சுச்சு, ஆனா 300 நாய்க்கு மேல வச்சு நடத்தி 2021ல வெளியான பரிசோதனையில, வழக்கமான வைத்தியத்தோட அதைச் சேர்த்ததுல நோய் தள்ளிப் போகல. அதைச் சொல்லி, வலியைக் குறைக்கறதோட நிறுத்திக்கலாம்னு முடிவு பண்ணோம்.

ஆனி மாசம் மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு. ஊசி போட்டு அமைதியா அனுப்பிடலாம்னு சொன்னேன், "நாமளா உசுரை எடுக்க வேண்டாம் தம்பி"ன்னு ஆச்சி சொல்லிட்டாங்க, அதுக்கு மேல நான் வற்புறுத்தல, வலி மருந்தையும் தூக்க மருந்தையும் கூட்டி வச்சோம். நாலு நாள்ல போயிடுச்சு. கால் எடுத்ததுல இருந்து ஒன்பது மாசம்.

அன்னைக்கு காலையில நுரையீரல்ல இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், கேன் வண்டியில இருந்துச்சு. ஆச்சி மஞ்சத் துணியை நாய் மேல போர்த்திக்கிட்டே சொன்னாங்க, "அது பட்டது போதும்ப்பா, முழுசா போகட்டும்." கொல்லையில அடக்கம் பண்ணாங்க. அந்த வீட்ல அன்னைக்கு வேற பதில் வந்திருக்க முடியாது, அவங்க பக்கம்தான் நியாயம்.

அப்பாவோட போன்

ஒரு வாரம் கழிச்சு பையனோட அப்பா கூப்பிட்டாரு, குரலே சரியில்ல. "அண்ணே, ஒரே நோய், ஒரே பேரு, மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி. அதுக்கு கீமோ கொடுத்தும் ஒன்பது மாசத்துல போயிடுச்சு. அப்ப எம்மகனுக்கு?" பையனோட ஸ்கேன் எல்லாம் அது வரைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் நாய் போன நாள்ல இருந்து அவர் தூங்கல.

பையனோட நிலைமையைச் சொல்ல வேண்டியது அவன் கேன்சர் டாக்டருதான், அதை முதல்லயே சொன்னேன். ஆனா நாயோட முடிவை வச்சு பையனை எடை போடக் கூடாதுங்கறதுக்கு என் பக்கம் இருந்து சொல்ல முடிஞ்சதை சொன்னேன்.

முதல்ல, வைத்தியமே வேற. பையனுக்கு மூணு மருந்து, முழு வேகத்துல, ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும். நாய்க்கு ஒரே மருந்து, ஆபரேஷனுக்கு அப்புறம் மட்டும். பிழைக்கற கணக்குல இருக்க வித்தியாசத்துல ஒரு பங்கு இதுல இருந்தே வரும், எல்லாத்தையும் புரோட்டீன் மேல போடக் கூடாது.

அடுத்தது வயசு. பிள்ளைங்களுக்கு வளர்ற எலும்புல வருது, நாய்ங்களுக்கு பெரும்பாலும் வளர்ச்சி முடிஞ்சு பல வருஷம் கழிச்சு வருது. பி53ங்கற காவல் புரோட்டீன் கெட்டுப் போறது ரெண்டு பக்கமும் சகஜம், ஆனா மத்த சில மரபணுக்கள்ல வித்தியாசம் இருக்கு, எஸ்இடிடி2ங்கறது நாய்ங்கள்ல அடிக்கடி மாறியிருக்கு, பிள்ளைங்கள்ல அது அபூர்வம்.

அப்புறம் பரவற செல்லோட புரோட்டீன். இதை லேப்ல எப்படி ஒப்பிடறாங்கன்னு அவருக்கு விளக்கினேன், ஏன்னா அவர் படிச்ச கட்டுரைங்கள்ல இதுதான் வருது. மனுஷன்ல எச்ஓஎஸ்னு லேப்ல வளர்க்கற ஒரு செல் வகை, அதுல இருந்து வந்த 143பி நல்லா பரவும். நாய்ல பிஓஎஸ், அதுல இருந்து வந்த எச்எம்பிஓஎஸ் நல்லா பரவும். ஜோடி ஜோடியா வச்சு செல்லை உடைச்சு, டிரிப்சின்ங்கற என்சைமால புரோட்டீனை சின்னத் துண்டா வெட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல எடை பார்த்து எந்தப் புரோட்டீன் கூடியிருக்கு எது குறைஞ்சிருக்குன்னு பட்டியல் போடறாங்க. ரெண்டு இனத்துப் பட்டியலையும் பக்கத்துல வச்சா எல்லாமே ஒத்துப் போகணும்னு எதிர்பார்க்கக் கூடாது. ஒத்துப் போகாததுக்கு காரணமும் எப்பவும் நோயா இருக்கணும்னு இல்ல. 143பி, ராஸ்ங்கற கேன்சர் மரபணுவை உள்ள புகுத்தி உண்டாக்கினது. எச்எம்பிஓஎஸ், எலிக்குள்ள விட்டு நுரையீரலுக்கு போனதை திரும்பத் திரும்ப பொறுக்கி எடுத்தது. பரவற குணம் வந்த பாதையே வேற, அதனால பட்டியல் வேற வேறயா வந்தா அது நாய்க்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசமா, உண்டாக்கின விதத்தோட வித்தியாசமான்னு பிரிக்கணும். இன்னொண்ணு, ஒரு அமினோ அமிலம் மாறினாலே துண்டோட எடை மாறிடும், நாய் புரோட்டீன் பட்டியல்ல அது சரியா பதிவாகலன்னா மெஷின் அதை அடையாளம் பிடிக்காது, இருக்கறது இல்லாத மாதிரி தெரியும். மனுஷப் புரோட்டீன்ல போய் ஒட்டற மாதிரி செஞ்ச ஆன்டிபாடி நாய்ல ஒட்டாமலும் போகலாம்.

இதெல்லாம் கேட்டுட்டு அவர் கேட்டாரு, "அப்ப நாயை வச்சு பண்ற ஆராய்ச்சி எதுக்குண்ணே?" இதுக்கு எனக்கு உறுதியான பதில் இருந்துச்சு. மிஃபாமுர்டைட்னு ஒரு மருந்து, நுரையீரல்ல இருக்க, கிருமியை விழுங்கற மேக்ரோஃபேஜ் செல்லை உசுப்பிவிட்டு கேன்சர் செல்லை சாப்பிட வைக்கறது. 1989ல மேக்கீவன்ங்கற கால்நடை டாக்டரோட குழு கால் எடுத்த நாய்ங்களுக்கு கொடுத்தப்ப, மருந்து இல்லாத நாய்ங்க பாதி 77 நாள்ல போச்சு, மருந்து வாங்கினதுல பாதி 222 நாள் தாண்டுச்சு. அப்புறம் பிள்ளைங்களுக்கு பரிசோதிச்சு 2009ல ஐரோப்பாவுல அனுமதி ஆச்சு. நாய் ஒரு வழியைத் திறந்து காட்டும், அந்த வழி பிள்ளைக்கு ஒத்து வருமாங்கறதை பிள்ளைங்க கிட்டதான் பார்க்கணும். நாய் எப்ப செத்துச்சுங்கறது பையனோட ஜாதகம் ஆகாது.

அவர் அடுத்த வாரமே மகனோட டாக்டரை நேர்ல பார்த்துப் பேசினாரு. பையனுக்கு நெஞ்சு ஸ்கேன் வழக்கமான இடைவெளியில நடந்துட்டு இருக்கு, இதை எழுதற வரைக்கும் சுத்தம்.

அந்தத் துண்டுங்க என்ன ஆச்சு

குப்பிங்க எல்லாம் ஆராய்ச்சிக்காரர் கிட்ட போய்ச் சேர்ந்துச்சு. அவர் உறைநிலையிலயே வச்சிருக்காரு, நுரையீரல் ஜோடி இல்லாததால இப்ப மெஷின்ல ஏத்தல. ஃபார்மலின்ல போட்டு வச்ச கட்டித் துண்டுல எஸ்ரின் மட்டுமாவது பார்க்கலாம்னா எங்களுக்கு கிடைச்ச லேப்ல அதை நிறம் ஏத்திக் காட்டற ஸ்டெய்ன் இல்ல. அதனால இந்த நாயோட கட்டி ஏன் அவ்வளவு வேகமா பரவுச்சுங்கற கேள்விக்கு பதில் கிடைக்கல. ஆராய்ச்சிங்க செல் வகைகளை நம்பி ஓடறதுக்கும் இதுதான் காரணம், ஒரே நாயோட கால் கட்டியும் நுரையீரல் கட்டியும் ரெண்டும் புதுசா, உறைஞ்ச நிலையில கிடைக்கறது அவ்வளவு அபூர்வம்.

இனிமே மாத்தினது

இறந்த பிறகு துண்டு எடுக்கறதைப் பத்தி கால் எடுக்கறதுக்கு முன்னாடியே, வீட்ல எல்லாரும் நிதானமா இருக்கறப்ப கேட்கறோம். உடம்பைத் திறக்காம, விலா இடுக்கு வழியா ஊசியில ஒரு துண்டு எடுத்தாலே போதும்னு ஆராய்ச்சிக்காரர் இப்ப சொல்லியிருக்காரு, வெளிய ஒரு தையல் கூட வராது. அதையும் சேர்த்து சொல்றோம். வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடறோம், வைத்தியம் மாறாதுன்னு அப்பவே தெளிவா சொல்லிடறோம்.

பெரிய நாய்க்கு கெட்டி வீக்கம்னா ஒரு வாரத்துக்குள்ள எக்ஸ்ரே. இதை இந்தப் பக்கம் சினை ஊசி போடறவங்க, மருந்துக்கடைக்காரங்க, பத்து போடறவங்க கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன். பத்து போட்ட அந்தப் பெரியவர் ரெண்டு நாயை அனுப்பியும் வச்சாரு, ஒண்ணு வெறும் பழைய எலும்பு முறிவு, இன்னொண்ணு தேவகோட்டை பக்கத்து லாப்ரடார், தோள் எலும்புல ஆஸ்டியோசார்கோமா, நெஞ்சு படம் சுத்தம்.

கால் வீங்கினா நெஞ்சையும் எடுக்கணும், நெஞ்சு படம் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, கீமோ முடிஞ்ச பிறகும். வீட்ல மனுஷங்க யாருக்காவது இதே நோய் இருந்திருந்தா, நாயோட முடிவு எப்படி இருக்கலாம்னு சொல்ற அன்னைக்கே, அது மனுஷனோட முடிவைக் காட்டாதுன்னும் சேர்த்து சொல்றோம், நாய் போன பிறகு வரைக்கும் அதைத் தள்ளிப் போடறதில்ல.

லாப்ரடார் வீட்டுக்காரங்க ரெண்டு துண்டுக்கும் சம்மதிச்சிருக்காங்க. கால் கட்டித் துண்டு இப்ப கேன்ல இருக்கு, ரெண்டாவது கார்போபிளாட்டின் அடுத்த வாரம்.